நோயாளியின் கால்மாட்டில்



போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் நம் பங்கின் பிள்ளை. இந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, இங்கேயே புதுநன்மை வாங்கி, நர்ஸ் படிப்பு முடித்து, இப்போது ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். யார் அவள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய சம்மதத்தின்பேரில், பெயரை விட்டுவிட்டு, சங்கதியை மட்டும் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

"சாமி, மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நான் பூசை காணவில்லை. இரவு வேலை. ஒரு பெரியவருடைய காலை மணிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிற வேலை. நடுவில் செபமாலை சொல்லலாமென்று கையில் எடுத்தால் இரண்டாம் பத்துக்கு மேல் போகிறதில்லை. அதற்குள் அடுத்த மணி வந்துவிடுகிறது. நான் சாவான பாவத்தில் இருக்கிறேனா?" இதுதான் கடிதம். அடியில், ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல, இன்னும் இரண்டு காரியம் எழுதியிருந்தாள். அவற்றைப் பின்னால் சொல்லுகிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் மெய்யான பாரம் கடைசி வார்த்தையில்தான் இறங்கும் என்பது குருக்களாகிய எங்களுக்குத் தெரியும்.

இரண்டே வரியில் பதில் எழுதிவிட நினைத்தேன். ஆனால் ஒரு மனிதனுடைய காலை மணிக்கு ஒரு தரம் ஏன் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்காத காரியத்துக்கு ஆலோசனை சொல்லுகிற குருவானவர், நாடி பாராமல் மருந்து கொடுக்கிற வைத்தியனுக்குச் சமானம். ஆகையால் கேட்டு எழுதினேன். அவள் விவரமாக எழுதினாள். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரும் ஒரு மாலைப்பொழுது முழுதும் உட்கார்ந்து விளக்கினார். கேட்டதை உங்களுக்கும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

நம் தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் உண்டு. அவை கெட்டுப்போய்ப் பெருகுவதே மெலனோமா என்னும் புற்றுநோய். பெரும்பாலும் ஒரு கரிய மச்சம்போலத் தொடங்கும். வெள்ளைத் தோலுள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் வெயிலினால் வருகிறது. ஆகையால்தான் வெள்ளையர் குடியேறிய வெயில் நாடாகிய ஆஸ்திரேலியா இந்த நோயில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கிறது. தொடக்கத்திலேயே கண்டு வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. காலம் கடந்தால் அது நடக்கத் தொடங்கும். காலில் உண்டான நோய், தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த இடத்தை நோக்கிப் புறப்பட்டு, போகிற வழியிலேயே தங்கித் தங்கி முளைக்கும். ஒன்று, பத்து, ஐம்பது என்று கருமையாகவோ நீலமாகவோ கட்டிகள். ஒன்றை வெட்டினால் அதன் பக்கத்தில் மூன்று வரும். கடிதத்தில் சொன்ன பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே இப்படித்தான் இருந்ததாம். குளிக்கும்போதெல்லாம் எண்ணுவாராம்.

முற்காலத்தில் இதற்கு ஒரே வழி காலை வெட்டி எடுப்பது. நரம்பில் மருந்து ஏற்றலாமே என்றால், அந்தக் கட்டிகளைக் கொல்லும் அளவுக்கு மருந்து ஏற்றினால் மனிதன் முந்திப் போய்விடுவான்.

1957-ம் ஆண்டில் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், துலேன் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர்களாகிய ஆஸ்கர் கிரீச், எட்வர்ட் கிரெமென்ட்ஸ் என்பவர்களும் அவர்களுடைய தோழர்களும் ஓர் உபாயம் கண்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்தான், 1953-ல், ஜான் கிப்பன் என்ற மருத்துவர் இருதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை ஓர் இயந்திரத்தைக்கொண்டு செய்வித்து, இருதய அறுவையில் ஜெயம் பெற்றிருந்தார். அந்த இயந்திரத்தை இவர்கள் ஒரு காலுக்கு மட்டும் மாட்டினார்கள். விவசாயம் செய்கிற உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாலு வயல் இருக்கிறது. ஒரு வயலில் மட்டும் பூச்சி. என்ன செய்வீர்கள்? அந்த வயலின் மடையை அடைத்து, மருந்தை அதற்குள்ளேயே நிறுத்தி, வேலை முடிந்ததும் மருந்துத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு மடையைத் திறப்பீர்கள். அதேதான். தொடை மேட்டில் இறுக்குப் பட்டையால் கட்டி, இரத்தக் குழாய்களை இயந்திரத்தோடு இணைத்து, அந்தக் காலின் இரத்தம் அந்தக் காலுக்குள்ளேயே சுற்றும்படி செய்தார்கள். இன்று அந்த இரத்தத்தைச் சரீரச் சூட்டுக்குச் சற்று மேலாக, 39 அல்லது 40 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மணி நேரம்போல மருந்தைச் சுழல விடுகிறார்கள். உடம்பு முழுவதும் ஏற்றினால் தாங்கக்கூடியதைப்போல் பல மடங்கு மருந்தைக் கால் ஒன்று தனியே தாங்குகிறது. மடையில் கசிவு உண்டா என்று பார்க்க, கதிர் வீசும் பொருள் ஒன்றைச் சிறிது கலந்து, நெஞ்சுக்கு மேலே கருவி வைத்துக் காவல் இருக்கிறார்கள். காலின் கொள்ளளவை முன்னதாகவே அளந்து அதற்கேற்ப மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்; காலுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம், கைக்கு 13 என்பது வழக்கமான கணக்கு.

முதன்முதலில் இந்தச் சிகிச்சை பெற்றவர் 76 வயதுக் கிழவர். கால் முழுதும் கட்டி. அவருடைய கட்டிகள் மறைந்தன. 92 வயதுவரை வாழ்ந்தார். எல்லாருக்கும் அப்படியென்று எண்ண வேண்டாம். இதைப்பற்றிக் கீழே பேச வேண்டியிருக்கிறது.

அந்த மருந்தின் பெயர் மெல்ஃபாலன். அதன் வம்சத்தைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முதல் உலக யுத்தத்தில், 1917-ல், பெல்ஜியம் தேசத்து ஈப்ர் போர்முனையில் கடுகு வாயு என்ற விஷத்தை மனிதர் மனிதர்மேல் விட்டார்கள். கண் வெந்தது, தோல் கொப்பளித்தது, நுரையீரல் கருகியது. அந்த விஷத்தின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்ற பொருள் புற்றணுக்களையும் கொல்லும் என்று 1940-க்குப் பின்னான ஆண்டுகளில் கண்டறிந்தார்கள். 1953-ல் லண்டனில் அதை ஒரு புரதக் கூறோடு இணைத்தார்கள். தோலின் கருநிறத்தை உண்டாக்க அந்த அணுக்கள் அந்தக் கூறை விரும்பி இழுக்குமாகையால், கூடவே விஷத்தையும் விழுங்கும் என்பது எண்ணம். அப்படி உண்டானதே மெல்ஃபாலன். பட்டயத்தைக் கலப்பைக் கொழுவாக அடிப்பார்கள் என்று இசையாஸ் தீர்க்கதரிசி சொன்னதை நாம் ஆகமனகாலத்தில் வாசிக்கக் கேட்கிறோம். அது எங்கே நடக்கும் என்று நான் நினைத்ததுண்டு.

சிட்னி மருத்துவர்கள், ஜான் தாம்சன் என்பவரின் முயற்சியால், 1990-க்குப் பின்வந்த முதல் ஆண்டுகளில் இதையே இன்னும் எளிதாக்கினார்கள். பெரிய அறுவை இல்லாமல், மெல்லிய குழாய்களைத் தொடை வழியாகச் செலுத்தி, இறுக்குப் பட்டை கட்டி, பெரிய இயந்திரம் இல்லாமல் கையால் ஊசிக்குழாயை இழுத்துத் தள்ளி, அரை மணி நேரம்போல மருந்தைச் சுழற்றுகிறார்கள். முதிர்ந்த வயதினரும் இதைத் தாங்குகிறார்கள். வேண்டுமானால் மறுபடியும் செய்யலாம். நம் பிள்ளையின் பெரியவருக்கு நடந்தது இதுவே.

சரி, மருத்துவரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. நர்ஸின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

அவ்வளவு கடுமையான மருந்தைக் குடித்த கால் சும்மா இருக்குமா? சிவக்கும், சூடேறும், வீங்கும். தசைகளைச் சுற்றி உறைபோல ஒரு கெட்டியான சவ்வு உண்டு. உள்ளே தசை வீங்கினால் அந்த உறை இளகிக் கொடுக்காது. அப்போது தசைக்குள்ளேயே இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் கால் செத்துப்போகும். காலைக் காப்பாற்றச் செய்த சிகிச்சையே காலைப் பறித்துவிடும். உடனே கண்டால் மருத்துவர் அந்த உறையைக் கீறிவிட்டுக் காலைக் காப்பார். உடனே கண்டால் என்றேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு உடனே காண்பவர் யார்? நம் பங்கின் பிள்ளைதான்.

அவள் செய்வது இது. போர்வையை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். நோயுள்ள காலுக்கு நல்ல காலே சாட்சி. நிறம் பார்க்கிறாள். புறங்கையால் சூடு பார்க்கிறாள். விரல் நகத்தை அமுக்கிவிட்டு, வெளுத்த இடத்தில் இரத்தம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று எண்ணுகிறாள். புறங்காலில் நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாள், அடுத்து வருகிறவள் இருட்டில் தேடாதபடிக்கு. விரலுக்கு எட்டாவிட்டால் ஒலிக்கருவியை வைத்துக் கேட்கிறாள். கெண்டைக்காலின் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதுகிறாள். "விரலை ஆட்டுங்கள் ஐயா, இங்கே தொட்டால் தெரிகிறதா?" என்று கேட்கிறாள். இதில் ஒரு நுட்பம் உண்டு. அதை அவள் எழுதியிருந்த விதம் எனக்குப் பிடித்தது. நாடி நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய்விடக் கூடாதாம். நாடி மறைவது கடைசி அடையாளம். அதற்குள் காலம் கடந்திருக்கும். முந்தி வருவது வலி. கொடுத்த மருந்துக்கு அடங்காத வலி, விரலை நாம் மெல்ல நீட்டிவிடும்போது எகிறுகிற வலி. "ஆகையால் சாமி, அவர் வலிக்கிறது என்றால் நான் நம்ப வேண்டும். நம்புவதுதான் என் முதல் வேலை" என்று எழுதியிருந்தாள். வலிக்கிறது என்று சொல்லுகிற வயோதிகரை, எப்போதும் இதே பாட்டு என்று நம் வீடுகளில் தள்ளிவிடுகிறோமே, அவர்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னும் உண்டு. நைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கிற கிரியேட்டின் கைனேஸ் என்ற பொருளைத் தினமும் அளக்கிறார்கள். இந்தச் சிட்னி முறையில் அது நாலாம் நாள்போல உச்சத்துக்கு வரும். ஆயிரத்தைத் தாண்டினால் ஸ்டீராய்டு மருந்து தொடங்குவது வழக்கம். ஆகையால், "முதல் நாள் நன்றாயிருந்தது, இரண்டாம் நாள் நன்றாயிருந்தது" என்று அசந்திருக்க இடமில்லை. நைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடாதபடி தண்ணீர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளக்க வேண்டும். காலை உயர்த்தி வைக்க வேண்டும். அந்தக் காலில் ஊசி குத்தக் கூடாது. வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, பனிக்கட்டியும் கூடாது. இறுக்கமான துணி ஆகாது. வீபர்டிங்க் என்ற நெதர்லாந்து மருத்துவர் 1982-ல் இந்தக் காலின் நிலைமைகளை ஐந்து படியாக வகுத்திருக்கிறார். முதற்படியில் ஒன்றுமில்லை; இரண்டில் சிறு சிவப்பு, வீக்கம்; மூன்றில் கொப்புளம்; நாலில் ஆழ்ந்த சேதம்; ஐந்தில் காலை எடுக்க வேண்டியதுதான். ஐந்தாம் படிக்கு வருகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே என்கிறார்கள். அந்த ஒருவர் தன் கட்டிலில் இருக்கிறவராக இருக்கலாம் என்று எண்ணித்தான் ஒவ்வொரு மணிக்கும் போர்வையை விலக்குகிறாள்.

இப்போது அவளுடைய கேள்விக்கு வருகிறேன்.

கடன் திருநாட்களில் பூசை காணும் கட்டளை பெரிய கட்டளை. சோம்பலாலும் கல்யாண விருந்தாலும் கிரிக்கெட்டாலும் அதை மீறுகிறவர்களுக்கு நான் இந்தப் பீடத்திலிருந்து சொல்லியிருப்பதை ஒன்றும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் விட்டுவர முடியாத நோயாளியைக் காக்கிறவர்களை அந்தக் கட்டளை கட்டாது. திருச்சபைத் தாய் என்றைக்கும் அப்படித்தான் போதித்து வந்திருக்கிறாள். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போக முடிந்தால் போகட்டும். அது ஞாயிறு கடனுக்குச் செல்லும். முடியாவிட்டால் அவள்மேல் பாவமில்லை. அர்ச். வின்சென்ட் தெ பவுல், 17-ம் நூற்றாண்டில் தம் கன்னியர்களுக்கு இதையே சொல்லிக்கொடுத்தார். தியானத்தில் இருக்கும்போது நோயாளிக்கு மருந்து கொண்டுபோக அழைத்தால் கலக்கமில்லாமல் எழுந்து போங்கள், அது சர்வேசுரனைச் சர்வேசுரனுக்காக விட்டுப்போவதாகும் என்ற கருத்தை அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். இரண்டாம் பத்தில் நின்றுபோன செபமாலையைக் குறித்து அவள் கவலைப்பட வேண்டாம். மூன்றாம் பத்தை அந்தக் காலில் சொல்லுகிறாள்.

அவளுக்கு இரண்டு அர்ச்சியசிஷ்டவர்களின் கதையை எழுதினேன். இருவருக்கும் காலில் நோய். அர்ச். பெரெக்ரின் இத்தாலி தேசத்தில் ஃபோர்லி ஊர்க்காரர், 1345-ல் இறந்தார். புற்றுநோயாளிகளின் பாதுகாவலர். அவருடைய காலில் அழுகிய புற்று. மறுநாள் காலை வெட்டுவதாக வைத்தியர் சொல்லிப் போனார். அன்றிரவு பாடுபட்ட சுரூபத்தின் முன்பாகத் தவழ்ந்துபோய் வேண்டிக்கொண்டு, அசந்து தூங்குகையில், ஆண்டவர் சிலுவையிலிருந்து இறங்கி அவர் காலைத் தொட்டதாகக் கண்டார். காலையில் வைத்தியர் வந்தபோது வெட்ட ஒன்றுமில்லை. அழகான சரித்திரம், மன்றாட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்க விரும்புகிறார்கள்.

அர்ச். கமில்லுஸின் கதையை அவ்வளவு விரும்பிக் கேட்பதில்லை. 1550-ல் பிறந்தவர். படைவீரர், சூதாடி. காலில் ஒரு புண் உண்டாயிற்று. அதற்காக உரோமையில் தீராத நோயாளிகளின் மருத்துவமனைக்குப் போய், அங்கேயே வேலையாளாக இருந்து, சூதாடியதற்காக விரட்டப்பட்டார். 1575-ல் மனந்திரும்பிக் கப்புச்சின் சபையில் சேர்ந்தார். புண் மறுபடி திறந்தது. புண்ணுள்ளவனுக்கு இங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அதே மருத்துவமனை. இந்தத் தடவை நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். கூலிக்கு வேலை செய்கிறவர்கள் சாகிறவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கண்டு, நோயாளிகளுக்கென்றே ஒரு சபை தொடங்கினார். அந்தச் சபையார் நெஞ்சில் அணிகிற சிவப்புச் சிலுவைக்கு 1586-ல் பாப்பானவர் அனுமதி கொடுத்தார். ஒற்றைப் பிள்ளை நோயாய்க் கிடந்தால் தாய் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. கைகளில் இன்னும் கொஞ்சம் இருதயம் வையுங்கள் என்று தம் சகோதரர்களைக் கண்டிப்பாராம். 1614-ல் சாகும்வரை அவருடைய கால் ஆறவே இல்லை. பெரெக்ரினுக்குச் செய்ததை ஆண்டவர் அவருக்குச் செய்யவில்லை. ஆறாத காலோடு கட்டில் கட்டிலாக நடந்தவரைத்தான் திருச்சபை நர்ஸ்களுக்குப் பாதுகாவலராக வைத்திருக்கிறது.

இனி, அடியில் எழுதியிருந்த இரண்டு காரியங்கள்.

ஒன்று, கையுறை. மருந்து உடம்பிலிருந்து கழிகிறவரை, இரண்டு நாளுக்குக் குறையாமல், நோயாளியின் சிறுநீர், வாந்தி, அழுக்குத் துணி எல்லாவற்றையும் கையுறையும் மேலங்கியும் போட்டுத்தான் தொட வேண்டும். கழிவைத் தனியான ஊதாநிறப் பையில் போட வேண்டும். கர்ப்பிணியான நர்ஸ்களை அந்த வேலைக்கு விடுகிறதில்லை. அவள் இப்படி உடுத்திக்கொண்டு வருவதைக் கண்ட பெரியவர், "நான் அவ்வளவு விஷமாகிவிட்டேனா?" என்று கேட்டுச் சிரித்தாராம். சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. அர்ச்சியசிஷ்டவர்கள் குஷ்டரோகிகளை முத்தமிட்டார்கள், நான் ஒரு கிழவரைத் தொடக் கையுறை போடுகிறேனே என்று இவளுக்கு உறுத்தல்.

நான் எழுதினேன்: மகளே, கையுறையைக் கழற்றாதே. இந்த விஷம் தினமும் சிறிது சிறிதாகப் படுகிறவர்களுக்குத் தீங்கு செய்யும். நாளைக்கு நீ வேறொரு நோயாளிக்கு வேண்டும். உனக்குப் பிள்ளைகள் பிறக்க வேண்டும். விவேகமும் புண்ணியம்தான், தலையான புண்ணியங்கள் நான்கில் அது முதலாவது. ஆனால் ஏன் போடுகிறாய் என்பதை அவருக்குச் சொல். "விஷம் நீங்களல்ல ஐயா, உங்கள் காலைக் காக்கக் கொடுத்த மருந்து, அது இரண்டு நாளில் போய்விடும்" என்று சொல். கையுறை தேவையில்லாத நேரம் வந்ததும், வெறுங்கையால் ஒரு தரம் அவர் கையைப் பிடி. அவர் எதிர்பார்த்திருப்பார்.

மற்றது கனமானது. மூன்றாம் நாள் இரவு, "பெண்ணே, இதனால் நான் பிழைத்துக்கொள்வேனா?" என்று பெரியவர் கேட்டாராம். "எல்லாம் சரியாகிவிடும்" என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றால் இந்தச் சிகிச்சை அந்தக் காலுக்கானது. அறுவை செய்து இயந்திரம் பூட்டும் முறையில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், சிட்னி முறையில் மூன்றில் ஒருவர் அளவுக்கும் கட்டிகள் முழுவதுமாக மறைகின்றன. வேறு பலருக்குச் சுருங்குகின்றன. அதுவும் உடனே அல்ல, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். ஆனால் நோய் காலைத் தாண்டி ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகாமல் இருக்கும் என்று இது உறுதி சொல்லாது. 2011-க்குப் பிறகு, சரீரத்தின் சொந்தக் காவற்படையைத் தூண்டிவிடுகிற புதிய மருந்துகள் வந்து, பரவிய மெலனோமாவிலும் பலரை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கின்றன. அதற்கு அடிப்படை கண்ட இருவருக்கு 2018-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதனால் இந்தக் கால் சிகிச்சை முன்னைவிடக் குறைந்து, அந்த மருந்துகள் பலிக்காதவர்களுக்கும் தாங்காதவர்களுக்கும் பெரும்பாலும் பயன்படுகிறது. பெரியவர் அவர்களில் ஒருவர். அவள் சொன்ன வார்த்தையின் பாரம் இப்போது உங்களுக்குத் தெரிகிறதல்லவா?

இரக்கத்தால் சொன்ன பொய்தானே என்று விட்டுவிடலாமா? எட்டாம் கற்பனையில் இரக்கத்துக்கென்று ஒரு வாசல் வைத்திருக்கவில்லை. அற்பப் பாவம் என்று ஒப்புக்கொள்ளுகிறேன். அதற்காக அவள் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அடுத்த தரம் வேறு வழி உண்டு. "எதை நினைத்து ஐயா கேட்கிறீர்கள்?" என்று கேட்டு, உட்கார். அவர் பேசுவார். மரணத்தைப்பற்றிக் கேட்கிறாரா, மகளுடைய கல்யாணத்துக்கு நடந்துபோக முடியுமா என்று கேட்கிறாரா என்பது அப்போது தெரியும். உனக்குத் தெரிந்த மெய்யைச் சொல்: கால் நன்றாயிருக்கிறது, நாடி இருக்கிறது, இந்தச் சிகிச்சை காலைக் காப்பதற்கு. மற்றதைக் காலையில் டாக்டர் வந்து உட்கார்ந்து சொல்லும்படி நான் கேட்டு வைக்கிறேன் என்று சொல், சொன்னபடி கேட்டும் வை. நம்பிக்கை வேறு, பொய்யான வாக்குறுதி வேறு.

இதை எழுதும்போது எனக்கு நம் பங்கின்மேலேயே கோபம் வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. சிட்னியில் ஒரு பெண் ஒரு வார்த்தைக்காக இரவெல்லாம் வருந்துகிறாள். இங்கே நாம் என்ன செய்கிறோம்? தகப்பனாருக்குப் புற்றுநோய் என்று தெருவுக்கெல்லாம் தெரிந்திருக்கும். தகப்பனாருக்கு மட்டும் தெரியக் கூடாது. வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அவருக்குத் தெரியும், தெரியாததுபோல் அவரும் நடிப்பார். ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடகம். கடன் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாமல், பேசாதிருந்த தம்பியைக் கூப்பிட முடியாமல், நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாமல் அவர் கிடப்பார். "சாமியாரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்" என்று நிறுத்தி வைத்து, மூச்சு இழுக்கும்போது ஓடி வருகிறீர்கள். நான் சைக்கிளில் ஏறியும் ஓடியிருக்கிறேன், மோட்டார் வண்டியிலும் ஓடியிருக்கிறேன். பாதிச் சமயம் நான் பூசுகிற எண்ணெயை அறியாத நெற்றியில் பூசுகிறேன். அவஸ்தைப்பூசுதல் என்று நம் பெரியோர் சொன்ன தேவதிரவிய அனுமானத்தை இப்போது நோயிற்பூசுதல் என்று திருச்சபை சொல்லுகிறது. கடினமான நோய் வந்ததும் பெறலாம். பெரிய அறுவைக்கு முன்பும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். சாவதற்கென்று மட்டும் வைத்த எண்ணெய் அல்ல அது.

பெரியவரைப்பற்றிப் பிறகு ஒரு தகவல் வந்தது. ஆறாம் நாள் அவள் இரவு வேலை முடிந்து போகும்போது, அவர் தடியை ஊன்றித் தாழ்வாரத்தில் நின்றிருந்தாராம். கால் சிவந்திருந்தது, பாதத்துத் தோல் உரியத் தொடங்கியிருந்தது, ஆனால் நின்றார். கட்டிகள் போகுமா போகாதா என்று அறிய இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போகிறவரிடம் அவள் சொல்லி அனுப்பியவை சின்னச் சின்ன காரியங்கள்: தளர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள், வாசனையில்லாத களிம்பு தடவுங்கள், வெயில் படாமல் பாருங்கள், பத்துப் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம், நகம் விழுந்தால் பயப்பட வேண்டாம். அவர் எதுவும் சொல்லாமல் அவளுடைய கையை, வெறுங்கையை, பிடித்துக்கொண்டாராம்.

மெலனோமா வெள்ளையர் நோய், நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம் நிறத்தவர்க்கு அரிதுதான். ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. அதற்கு வெயில் முக்கிய காரணமல்ல. முள் குத்திய தழும்பு, செருப்புக் கடித்த கருப்பு என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சிலர் பிளேடால் சீவிவிடுவார்கள். சிலர் எருக்கம்பால் வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். பெரிய வியாழனன்று நான் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுகிறேன்; வீட்டில் நீங்கள் ஒருவருடைய பாதத்தையும் கழுவுவதில்லை. இந்த வாரம் ஒரு நாள் மாலையில் பாட்டனாரையும் பாட்டியையும் நாற்காலியில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அவர்களுடைய கால்களைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். பெருகிவருகிற கரும்புள்ளி, ஓரம் சீரில்லாத கறுப்பு, ஆறாத புண், நகத்தில் அகன்றுவருகிற கருங்கோடு, இவற்றில் ஏதேனும் கண்டால் பெரிய மருத்துவமனையில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். கூட்டிப்போக ஆளில்லையென்றால் பங்களாவுக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பூசை, சிட்னி நகரத்தில் உள்ள ஒரு நோயாளியின் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படும். காணிக்கை கொடுத்தவள் பெயர் எழுத வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். நோயாளியின் பெயரை எனக்கும் சொல்லவில்லை. அது அவளுடைய வேலையின் ஒழுங்கு.